தண்ணீர் வந்துவிட்டது... குடிக்கலாமா?

புயல் ஓய்ந்து இரண்டு நாளோ மூன்று நாளோ ஆகியிருக்கும். கரண்ட் வந்துவிட்டது. வாசல் குழாயைத் திறந்தால் முதலில் 'புஸ்ஸ்' என்று காற்று. அப்புறம் டீ டிகாஷன் நிறத்தில் ஒரு பக்கெட். அதற்கப்புறம் மெள்ள மெள்ள வெளுத்து, பளிச்சென்று தண்ணீர்! "ஏங்க, நல்ல தண்ணியே வந்துடுச்சு!" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறீர்கள். குடங்கள் நிரம்புகின்றன.

கொஞ்சம் பொறுங்கள். வந்திருப்பது தண்ணீர்தான், சந்தேகமில்லை. அது 'நல்ல' தண்ணீரா என்பது தனிக் கேள்வி. அதற்குக் கண்ணால் பதில் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கலே.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடற்கரையோடு நிற்காமல் விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று உள்மாவட்டங்களில் புகுந்து கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 1-ஆம் தேதி அண்ணாமலையார் மலைச் சரிவில் வ.உ.சி. நகர் வீடுகள் மீது மண்ணும் பாறையும் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. திறந்து மூன்று மாதம்கூட ஆகாத அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் பாலமே அந்த வெள்ளத்தில் போய்விட்டது. பாலத்துக்கே அந்தக் கதி என்றால், மண்ணுக்கடியில் சத்தமில்லாமல் கிடக்கும் பழைய குழாய்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்த வருடம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13-ஆம் தேதி. அதாவது மண் சரிந்த பன்னிரண்டாம் நாள். மலையேறப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்றாலும் ஊருக்குள் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. தீபத்துக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்காத வீடு இந்த ஊரில் உண்டா? வந்தவர்களுக்கு முதலில் நாம் கொடுப்பது என்ன? ஒரு சொம்புத் தண்ணீர்!

அணை தூரம், சாக்கடை பக்கம்

ஊருக்குக் குடிநீர் தரும் சாத்தனூர் அணை சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தண்ணீர் கெடுவது பெரும்பாலும் அங்கே இல்லை. சுத்திகரித்து, குளோரின் போட்டு அனுப்பிய தண்ணீர், உங்கள் தெருமுனைக்கு வந்தபிறகு கெடுகிறது. எப்படி?

குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது, விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். வெளி அழுக்கு உள்ளே வராது. புயலில் கரண்ட் போய் பம்ப் நின்றுவிட்டால் குழாய் காலியாகிவிடும். அப்போது அதே விரிசல் வழியாக, சுற்றியிருக்கும் மழைத்தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் நிதானமாக உள்ளே இறங்கும். மறுபடி பம்ப் ஓட ஆரம்பித்தால் அதெல்லாம் நேராக உங்கள் சம்ப்புக்கு வந்து சேரும். நம் ஊர்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டே போவது உங்களுக்குத் தெரியாததா?

இதில் நாமும் ஒரு கை கொடுக்கிறோம். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று தெருக் குழாய் லைனில் நேரடியாக மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிறோமே, அது ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிப்பது போலத்தான். குழாயில் தண்ணீர் இல்லாவிட்டால் ஓட்டை வழியாக எது கிடைக்கிறதோ அதை மோட்டார் இழுக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் பங்கையும் சேர்த்து உறிஞ்சுகிறோம், பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சுகிறோம்! புயலுக்குப் பிறகு ஒரு வாரமாவது இந்த மோட்டாருக்கு லீவு கொடுத்துவிடுங்கள். (அப்படி நேரடியாக உறிஞ்சுவதே விதிப்படி தப்பு என்பது வேறு விஷயம்.)

முதல் பத்து நிமிடத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். சம்ப் வால்வை மூடிவிட்டு, அதை வாசலில் விட்டுவிடுங்கள். மனசு கேட்காதுதான். செடிக்கு ஊற்றுங்கள், திண்ணையைக் கழுவுங்கள்.

டெல்லி சொன்ன பாடம்

"தெளிவா இருக்கே, குளோரின் வாசனையும் வருதே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய சம்பவம். 1955-ஆம் ஆண்டு இறுதியில் டெல்லியில் நஜஃப்கர் கால்வாயின் கழிவுநீர், யமுனையில் வஜிராபாத் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்து கலந்துவிட்டது. அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. குளோரினைக் கூட்டினார்கள், படிகாரத்தைக் கூட்டினார்கள். பலனும் இருந்தது. டைஃபாய்டு பெரிதாக ஏறவில்லை. எல்லோரும் 'அப்பாடா' என்றிருந்த நேரத்தில், வாரங்கள் கழித்து வந்தது மஞ்சள் காமாலை. 1956 ஜனவரிக்குள் சுமார் 29 ஆயிரம் பேருக்கு!

பாக்டீரியாவை அடக்கிய குளோரின், சேறு கலந்த தண்ணீரில் வைரஸை முழுக்க அடக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகுதான், அது 'ஹெபடைடிஸ் ஈ' என்ற வைரஸின் வேலை என்று சேமித்து வைத்த ரத்த மாதிரிகளிலிருந்து தெரிய வந்தது. இந்த வைரஸ் மற்றவர்களைப் படுத்திவிட்டுப் போய்விடும். கர்ப்பிணிகளை, அதிலும் கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்களை, அப்படி விடாது. அந்தக் கட்டத்தில் தாக்கினால் நான்கைந்து பேரில் ஒருவர் உயிரிழக்கும் அளவுக்கு ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே உங்கள் வீட்டில் நிறைமாத மகளோ மருமகளோ இருந்தால், குளோரின் மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள். கொதிக்க வைப்பதுதான் ராஜவைத்தியம்.

பழைய புடவையின் மகிமை

கொதிக்க வைப்பதற்கு முன் கலங்கலைப் போக்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் பிடித்து சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மண் அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை மட்டும் வடிகட்டுங்கள். எதில்? பாட்டி கட்டி நைந்துபோன நூல் புடவைதான் உசத்தி! துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து, இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளி சின்னதாகிவிடுவதால், புதுத் துணியைவிட பழைய துணி நன்றாக வடிகட்டும்.

கிண்டல் என்று நினைக்காதீர்கள். வங்காள தேசத்தில் மத்லப் என்ற பகுதிக் கிராமங்களில், அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கோல்வெல் குழுவினர் பெண்களிடம் பழைய புடவையை மடித்து வடிகட்டச் சொல்லிப் பார்த்தார்கள். காலரா பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். காலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பூச்சிகளில் ஒட்டிக்கொண்டு சவாரி செய்யும் பேர்வழி. பூச்சி துணியில் மாட்டிக்கொண்டால் கிருமியும் மாட்டிக்கொள்ளும். துணியைக் குறைந்தது நான்கு மடிப்பாகப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் அலசி வெயிலில் காயப்போடுங்கள். ஆனால் பாதிதான் குறைந்தது என்பதை மறக்கக் கூடாது. மீதிப் பாதிக்கு அடுப்புதான்.

தேத்தான்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரைப்பதும், படிகாரத்தை இரண்டு சுற்று சுற்றி எடுப்பதும் நம் வீடுகளில் இருந்த வழக்கம்தான். இரண்டுமே கலங்கலைத் தெளிய வைக்கும், நல்ல விஷயம். கிருமியைக் கொல்லும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இருபது நிமிடம் வேண்டாம்... ஆனால் விளாவவும் வேண்டாம்!

"தண்ணீரை இருபது நிமிஷம் கொதிக்க விடணுமாமே?" என்று கேட்டு, கேஸ் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் கொதிக்கவே வைக்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அவ்வளவெல்லாம் தேவையில்லை. ஓரத்தில் சின்னக் குமிழி வருவது கணக்கில்லை. நடுவில் 'தளதள'வென்று பெரிய கொதி வந்து, ஒரு முழு நிமிடம் கொதித்தால் போதும். திருவண்ணாமலை மாதிரி சமவெளி ஊர்களுக்கு இதுவே கணக்கு. ஊட்டி, கொடைக்கானல் போல மிக உயரமான இடங்களில் மூன்று நிமிடம்.

கொதிக்க வைப்பதில் நாம் கோட்டை விடுவது அடுப்பிலே இல்லை, அதற்குப் பிறகுதான். வெந்நீர் சூடாக இருக்கிறது என்று குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளர் ஊற்றி விளாவுகிறோமே... தாத்தாவுக்கு மாத்திரை போட, குழந்தைக்குப் பால் கலக்க, நமக்குத் தாகத்துக்கு! கொதிக்க வைத்த புண்ணியமெல்லாம் அந்த ஒரு டம்ளரில் போச்சு. குளிக்கிற தண்ணீரை விளாவுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குடிக்கிற தண்ணீருக்கு அது கூடவே கூடாது. இரவே கொதிக்க வைத்து மூடி வைத்துவிட்டால் காலையில் தானாக ஆறியிருக்கும்.

ஆற வைக்கும்போதும் அதே பாத்திரத்தில், மூடியோடு. வேறு குடத்துக்கு மாற்றினால், அந்தக் குடத்தைக் கடைசியாக அலசியது எந்தத் தண்ணீரில் என்று யோசித்துப் பாருங்கள். கொதிநீர் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு மாற்றுங்கள். குடத்துக்குள் டம்ளரை முக்கி எடுக்கும் பழக்கத்துக்கு விடை கொடுங்கள். டம்ளரோடு நாலு விரலும் அல்லவா முங்குகிறது! குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் உத்தமம். இல்லாவிட்டால் நீளமான பிடி உள்ள கரண்டி.

கேஸ் இல்லை, கரண்ட் இல்லை என்ற நிலையில் குளோரின் மாத்திரை கைகொடுக்கும். எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், படித்துப் பார்த்துப் போடுங்கள். வடிகட்டித் தெளிந்த தண்ணீரில்தான் போட வேண்டும். கலங்கலில் போட்டால் குளோரின் சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். போட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். லேசாக மருந்து வாசனை அடித்தால் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். வாசனை பிடிக்கவில்லை என்று கொட்டிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

சம்ப்பை மறந்தால் சகலமும் போச்சு

வீட்டு வாசலில் தண்ணீர் நின்றதா? அப்படியானால் உங்கள் சம்ப்பின் மூடி வழியாக தெருத் தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'மூடி டைட்டா இருந்ததே' என்பதெல்லாம் சமாதானம்தான். எட்டிப் பார்த்துத் தெளிவாக இருந்தாலும் இறைத்துவிடுவதுதான் சரி.

முதலில் மோட்டார் மெயினை அணையுங்கள். ஈரச் சுவரில் இருக்கும் ஸ்விட்சைத் தொடாதீர்கள், எலெக்ட்ரீஷியன் பார்க்கட்டும். ஆழமான சம்ப்பில் யாரையும் தனியாக இறக்காதீர்கள். மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சுவிடக் காற்று இல்லாமல் மயங்கி விழுந்து, காப்பாற்ற இறங்கியவரும் போன செய்திகளை நாம் எத்தனை படித்திருக்கிறோம்! முடிந்த மட்டும் வெளியே நின்று நீளக் கம்பு பிரஷ்ஷால் தேயுங்கள். அதைத் தாண்டிய வேலை, அதற்கான சாதனங்கள் வைத்திருப்பவர்களுக்கு.

சேற்றை எடுத்து அலசிய பிறகு, தொட்டியை மறுபடி நிரப்பி பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம். பவுடரை அப்படியே கொட்டாமல், பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை ஊற்றுங்கள். இதே தண்ணீரை மாடி டாங்குக்கு ஏற்றி, எல்லாக் குழாயையும் வாசனை வரும்வரை திறந்து மூடிவிட்டால் பைப்புகளும் சுத்தமாகும். ஒரு நாள் முழுக்க ஊற வேண்டும். பிறகு அத்தனையையும் வடித்துவிட்டு, நல்ல தண்ணீரால் அலசி, புதிதாக நிரப்புங்கள். இந்த மருந்துத் தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், வேலைக்கு வரும் அம்மா உட்பட. செடிக்கும் ஊற்றாதீர்கள்.

பவுடர் புதிதாக இருக்க வேண்டும். கடையில் திறந்து வைத்த மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுப்பதில் வாசனைகூட இருக்காது. இன்னொன்று... பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். கிளம்பும் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

"எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கே" என்கிறீர்களா? இருக்கட்டும். சேற்றுத் தண்ணீர் அதன் சவ்வை அடைத்துவிடும். யு.வி. விளக்கோ, கலங்கலில் கிருமிகள் மண் துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் ஏமாந்துவிடும். சம்ப்பும் டாங்க்கும் சுத்தமாகி, மெஷினையும் சர்வீஸ் செய்யும்வரை அந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடியுங்கள். மெழுகுவத்தி மாதிரி கேண்டில் வைத்த ஃபில்டர் வைரஸைத் தடுக்காது. அதில் முதலில் வடிகட்டி, பிறகு கொதிக்க வையுங்கள். கேன் தண்ணீர் வாங்குவதானால் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். புயல் வாரத்தில் எந்தக் கேனுக்கும் கிராக்கிதான், அதனால் யாரும் எதையும் நிரப்பிக் கொடுக்கலாம்.

சட்னி, மோர், பல் தேய்க்கும் தண்ணீர்

சாம்பார், ரசம், இட்லி எல்லாம் நன்றாகக் கொதித்தோ வெந்தோ வருகிறவை. கவலை வேண்டாம். மாவு அரைத்த தண்ணீரும் ஆவியில் வெந்துவிடும். ஆனால் அந்த இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சட்னி? அடுப்பையே பார்க்காத பண்டம்! மிக்ஸியை அலசி ஊற்றும் தண்ணீர் சேர்த்து எல்லாமே பச்சைத் தண்ணீர். மோர், எலுமிச்சை ஜூஸ், பானகம், பழைய சோற்றுக்கு ஊற்றி வைத்த தண்ணீர், வெள்ளரிக்காய் கழுவிய தண்ணீர், ஃபிரிஜ் ஐஸ் - இவையெல்லாம் இந்த ஜாதிதான். ஒன்று, கொதித்து ஆறிய தண்ணீரில் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் காரச் சட்னியை வதக்கி ஒப்பேற்றுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

பல் தேய்த்துக் கொப்பளிப்பதும் ஆறிய தண்ணீரில்தான். குளிக்கலாம், துணி துவைக்கலாம். சின்னக் குழந்தைகள் குளிக்கும்போது வாயில் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நீர்மோரும் அன்னதானமும் கொடுக்கிற நல்ல உள்ளங்களுக்கு ஒரு வேண்டுகோள். மோருக்கு ஊற்றும் தண்ணீரை முந்தின நாளே கொதிக்க வைத்துவிடுங்கள். நம் வீட்டுத் தண்ணீரில் கோளாறு என்றால் நாலு பேருக்குத்தான் வயிறு கலங்கும். பந்தல் தண்ணீரில் கோளாறு என்றால் அது எந்தெந்த ஊருக்குப் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்?

பொங்கல் வரை ஒரு கண்

இவ்வளவுக்கும் பிறகு வீட்டில் ஒருவருக்குத் தண்ணீராகப் போகிறதா? முதல் தடவையிலிருந்தே உப்புச் சர்க்கரைக் கரைசல். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் அதில் சொன்னபடி. இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள். 1971 வங்கதேசப் போரின்போது, பன்காவ் அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த மாதிரிக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலந்து கொடுத்துத்தான் ஏராளமான காலரா நோயாளிகளைப் பிழைக்க வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் விட்டு மறுபடி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தாதீர்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கண் குழி விழுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, குழந்தை துவண்டு படுப்பது, மலத்தில் ரத்தம், அரிசி கழுவிய நீர் போலக் கொட்டுவது - இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரி. 108 இருக்கவே இருக்கிறது.

நம்மை ஏமாற்றுவது இதன் காலண்டர்தான். காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் முகத்தைக் காட்டிவிடும். டைஃபாய்டு ஒன்று முதல் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். மஞ்சள் காமாலை இருக்கிறதே, அது ஒரு மாதம், சில சமயம் ஒன்றரை மாதம்கூட உள்ளே உட்கார்ந்துவிட்டுத்தான் வெளியே வரும். ஆக, டிசம்பர் முதல் வாரம் குடித்த ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பொங்கல் சமயத்தில் பில் வரலாம்! அதற்குள் புயலையே நாம் மறந்திருப்போம். பசி மந்தம், குமட்டல், அசதி, மஞ்சளாகச் சிறுநீர் என்றால், டாக்டரிடம் போகும்போது "டிசம்பர்ல எங்க தெருவுல தண்ணி நின்னுது டாக்டர்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு இந்த அறிகுறிகள் என்றால் அன்றைக்கே போக வேண்டும். 'மசக்கையாக இருக்கும்' என்று மாமியாரும், 'வெயில் சூடு' என்று மற்றவர்களும் சொல்லிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.